மாரீஸ்வரி, கொடுப்பவர் அண்ணன்

சவேரியார்பட்டி
4.11.2025, செவ்வாய்

காமயகவுண்டன்பட்டி திரு. சுருளிராஜன் அவர்களுக்கு,

எழுதுகிறவள் மாரீஸ்வரி. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு வரை உங்கள் தங்கையாக இருந்தவள். இங்கே என் பெயர் மரியபுஷ்பம். கல்யாணத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் கொடுத்து வைத்த பெயர். ஊர் முழுக்க புஷ்பம் என்றுதான் கூப்பிடும். பழைய பெயர் தெரிந்தவர் இந்த ஊரில் ஒரே ஒருவர், என் வீட்டுக்காரர் இன்னாசிமுத்து. ஆனி மாதம் ஒரு நாள் காலையில், யாரோ கொண்டுவந்து போட்ட தண்ணீர் மோட்டாரைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்துவிட்டார். வெளியூர் ஆள் ஒருவரிடம் உங்களுக்குச் சொல்லி அனுப்பினேன். நீங்கள் வரவில்லை. அது இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கல்லறைத் திருநாள். செத்தவர்களுக்கான நாள். காலையிலேயே கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். சாயங்காலம் கோயிலில் பூசை. அன்றிலிருந்து நவம்பர் மாதம் முடிகிறவரை தினமும் பூசைக்கு முன்னால் செத்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். வேண்டியவர்கள், பூசை வைக்கிற சாமியாருக்கு உதவியாக இருக்கிற உபதேசியாரிடம் போய் அவர் வைத்திருக்கிற நோட்டில் எழுதிவிட்டு வரலாம். செத்தவர் பெயர், ஊர், கொடுப்பவர் என்ன உறவு. அவ்வளவுதான் கேட்பார்கள்.

அன்றைக்கு நல்ல மழை. கோயிலுக்குள் ஈரக் குடையும் சாம்பிராணியும் கலந்து ஒரு வாசம். நான் பெண்கள் பக்கம் பாயில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தேன். உபதேசியார் வாசித்துக்கொண்டே வந்தார். சவரியம்மாள், சவேரியார்பட்டி, கொடுப்பவர் மகன். லூர்துசாமி, சின்னமனூர், கொடுப்பவர் மனைவி. அடுத்தது, மாரீஸ்வரி, காமயகவுண்டன்பட்டி, கொடுப்பவர் அண்ணன்.

என் பக்கத்தில் இருந்த வயதான அம்மா ஒருவர், "இதென்னடி, சாமி கும்புடுறவுக பேரால்ல இருக்கு" என்றார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

பூசை முடிந்ததும் உபதேசியாரிடம் போய் நோட்டைக் காட்டச் சொன்னேன். உங்கள் கையெழுத்துதான். இடம் போதாமல் ஊர்ப் பெயரின் கடைசி எழுத்துகளைக் கோட்டுக்கு மேலே ஏற்றிவைக்கிற பழக்கம் உங்களை விட்டு இன்னும் போகவில்லை. "யாரு கொடுத்தாக?" என்று கேட்டேன். "யாரோ வெளியூர்க்காரரு. தொப்பலா நனஞ்சு வந்தாக. மாசம் பூரா வாசிக்கணும்னு எழுதிட்டுப் போனாக" என்றார். அந்தப் பெயரை அடித்துவிட முடியுமா என்று கேட்டதற்கு முகத்தைச் சுளித்தார். "கொடுத்தவுக வந்து சொன்னாத்தான் அடிக்கலாம் புஷ்பம். செத்தவுக பேர நானா அடிச்சா பாவம்ல?"

அந்தச் செத்தவள் நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

என்னைத் தலைமுழுகி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அன்றைக்கு அப்பா சொல்லிச் செய்தீர்கள். இப்போது அப்பாவும் இல்லை. இத்தனை தூரம் வந்து, நான் உட்கார்ந்திருக்கிற கோயிலிலேயே, நான் கேட்கும்படி என்னைச் செத்தவர் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்களே, அதற்கு என்ன அவசரம்? கோபமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். கோபம் வரவில்லை. இப்போதெல்லாம் எதுவும் வருவதில்லை. ஆனாலும் கேட்கிறேன். வந்து அடித்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
மரியபுஷ்பம் இன்னாசிமுத்து

—

காமயகவுண்டன்பட்டி
8.11.2025

தங்கச்சி மாரிக்கு அண்ணன் சுருளி எழுதுவது.

உன் கடிதத்தை முதலில் பிரித்தது உன் மதினி ஜக்கம்மா. நான் தோட்டத்தில் இருந்தேன். கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு குடைகூட இல்லாமல் தோட்டத்துக்கே வந்துவிட்டாள். "உசுரோட இருக்கவ பேர சாவு நோட்டுல எழுதிட்டு வந்திருக்கீக. மருந்து வாங்கப் போறேன்னு சொல்லிட்டு இந்த வேலையத்தான் பாத்தீகளா?" என்று திராட்சைப் பந்தலுக்கு அடியில் வைத்தே வெளுத்து வாங்கிவிட்டாள். நாற்பத்தொன்பது வயதில் கூலியாட்கள் முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்டேன். உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

மாரி, தப்பு நடந்துபோச்சு. நடந்ததைச் சொல்கிறேன். திராட்சைக்கு மருந்து வாங்க உத்தமபாளையம் வந்தேன். மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்குவதற்குக் கோயிலுக்குள் வந்தேன். ஆட்கள் வரிசையில் நின்று நோட்டில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள். நம் கோயிலில் பேர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்வதில்லையா, அது மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். உன் வீட்டுக்காரர் இறந்து நீ தனியாக இருக்கிறாயே, உன் பேருக்கு ஒரு அர்ச்சனை ஆகட்டும் என்று எழுதினேன். செத்தவர்களுக்கு என்று எனக்கு எப்படித் தெரியும்? உங்கள் சாமி முறை எல்லாம் நான் கண்டேனா?

இத்துடன் உபதேசியாருக்கு ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். பெயர் தவறாக எழுதப்பட்டது, அடித்துவிடவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதைக் கொடு. நான் நேரில் வரத் தோதுப்படாது. ஐப்பசி மழை நிற்காமல் பெய்கிறது. பழம் கொத்துக் கொத்தாக வெடிக்கிறது. வியாபாரி தங்கப்பாண்டியன் தோட்டத்தைப் பார்த்துவிட்டு இரண்டு நாளில் வருகிறேன் என்று போனான், ஒரு வாரம் ஆகிறது.

உன் வீட்டுக்காரர் இறந்ததற்கு வர முடியாமல் போனது. அதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. உன் வீட்டுக்காரர் நல்ல வேலைக்காரர் என்று எல்லோரும் சொல்வார்கள். உங்கள் கல்யாணத்துக்கு முன்னால் நம் தோட்டத்து மோட்டாரையே அவர்தானே சரி பண்ணினார்.

என் நம்பரைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நீ பேச மாட்டாய் என்று தெரியும். நானும் எழுதவே செய்கிறேன். போன் என்றால் பாதியில் வைத்துவிடுவாய். தாள் என்றால் படித்து முடித்த பிறகுதானே கிழிக்க வேண்டும்.

அன்புள்ள
சுருளிராஜன்

—

சவேரியார்பட்டி
12.11.2025

அண்ணே,

'நீங்கள்' போட்டு எழுத அலுப்பாக இருக்கிறது. சின்ன வயதில் கூப்பிட்ட மாதிரியே எழுதுகிறேன்.

மருந்துக் கடை இருப்பது உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில். எங்கள் கோயில் அங்கிருந்து மலைப்பக்கமாக ஆறு கிலோமீட்டர். மழைக்கு ஒதுங்க ஆறு கிலோமீட்டர் நனைந்துகொண்டே வந்தாயாக்கும்? நோட்டு வைத்திருந்த மேசைக்கு மேலேயே 'மரித்த ஆன்மாக்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். எட்டாவதில் தமிழில் முதல் மார்க் வாங்கினவன் நீ. பொய் சொல்வதற்குக்கூட நீ ஒன்றும் மெனக்கெடவில்லை.

சீட்டை உபதேசியாரிடம் கொடுத்தேன். அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். "சீட்டு யாரு வேணா எழுதலாம். ஆளு வரட்டும்" என்றார். அவரும் ஒரு பிடிவாதக்காரர். ஆக இன்னும் வாசிக்கிறார்கள். தினமும் ஆறு மணிக்கு நான் செத்துப்போகிறேன். ஆறரைக்கு எழுந்து வீட்டுக்கு வருகிறேன்.

உனக்கு மழை பழத்தை வெடிக்க வைக்கிறது. எனக்கு இந்த மழைதான் நன்றாக இருக்கிறது. புருஷன் செத்து ஐந்து மாதம் ஆகாத பொம்பளை மழையை ரசிக்கிறாள் என்று யாராவது கேட்டால் என்ன நினைப்பார்கள்? நினைக்கட்டும். காலையில் எழுந்ததும் கருப்புக் காப்பியைப் போட்டுக்கொண்டு பட்டறை வாசலில் உட்கார்ந்துவிடுகிறேன். மலை முழுக்க மேகம் இறங்கிக் கிடக்கிறது. கொஞ்சம் விலகினால் நேற்று இல்லாத அருவி ஒன்று வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டே இருக்கும்போது யாரும் பேச வர மாட்டார்கள். பேசினாலும் கேட்காது. ஆறுதல் சொல்லுகிறவர்களிடமிருந்து தப்பிக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

பட்டறைக்குள் அவர் சரிபண்ணி முடிக்காத மோட்டார்கள் பதினொன்று இருக்கின்றன. மோட்டார்க்காரர்கள் வருவார்கள், என்னைப் பார்ப்பார்கள், கேட்கக் கூச்சப்பட்டுப் போய்விடுவார்கள். எடுத்துக்கொண்டு போங்கள் என்று நானும் சொல்வதில்லை.

நான் அழவில்லை, அண்ணே. அவரைப் பெட்டியில் வைத்தபோதும் அழவில்லை, குழியில் இறக்கியபோதும் அழவில்லை. என் மகள் மகிமா மதுரையில் நர்சிங் படிக்கிறாள், அவள் அழுது மயங்கி விழுந்தாள். நான் அவளுக்குச் சோடா உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பல் பிடுங்க ஊசி போட்டால் உதடு யாருடைய உதடோ போலத் தொங்குமே, அப்படித்தான் அன்றிலிருந்து முழு உடம்பும். மெய்யாகச் சொன்னால் அவர் பெயரை நோட்டில் கொடுக்கக்கூட என்னால் முடியவில்லை. உபதேசியார் இரண்டு தடவை கேட்டார். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிவிட்டேன். ஆக, செத்தவர் பெயர் பட்டியலில் இல்லை, இருக்கிறவள் பெயர் இருக்கிறது.

நீ 'உன் வீட்டுக்காரர்' என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். எண்ணிப் பார்த்தேன். உனக்கு அவர் ஒன்றுமே இல்லையா?

ஒன்று கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் உண்டு. புருஷன் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். வேதக்காரர்களாக இருந்தாலும் இந்தப் பக்கத்தில் அதை யாரும் விடுவதில்லை. என் மாமியார் வீட்டுப் பொம்பளைகள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "பொறந்த வீட்டுல யாரும் இல்லையா?" என்று ஒரு கிழவி கேட்டது. யாரும் இல்லை என்று நான்தான் சொன்னேன். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு ஒரு துண்டைக் கொண்டுவந்து போட்டார். அதற்கும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

ஏன் வந்தாய், ஏன் எழுதினாய்? உண்மையைச் சொல்லு.

மாரி

—

காமயகவுண்டன்பட்டி
17.11.2025

மாரி,

மூன்று நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இதையாவது அனுப்பிவிடுகிறேன்.

நான் மருந்து வாங்க வரவில்லை. கல்லறைக்குத்தான் வந்தேன். அன்றைக்குக் கூட்டமாக இருக்கும், வெளியூர்க்காரனை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று எங்கள் தோட்டத்துக்கு வேலைக்கு வருகிற உங்கள் சாதிசனத்து ஆள் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். எல்லாக் கல்லறையிலும் பூவும் திரியுமாக இருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு மெழுகுவர்த்தி அணையாமல் காத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மண்மேடு மட்டும் வெறுமனே மழையில் கரைந்து கிடந்தது. மரச்சிலுவையில் பேர் பார்த்தேன். வாசலில் ஒரு பொம்பளையிடம் செவ்வந்தி வாங்கிக்கொண்டு வந்து வைத்தேன். வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று நின்றேன். என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது? உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. உத்தமபாளையம் கடைத்தெருவில் எத்தனையோ தடவை எதிரே வந்திருக்கிறார். அவர் சிரிப்பார். நான் செருப்புக் கடையைப் பார்ப்பேன்.

அந்த மேட்டுக்கு முன்னால் நிற்க முடியவில்லை. கோயிலுக்கு வந்தேன். பெயர் எழுதுகிறார்கள் என்று பார்த்ததும், சரி, அவர் பேரை எழுதிக்கொடுத்துவிட்டாவது போவோம் என்று வரிசையில் நின்றேன். செத்தவர்களுக்கு என்று எனக்குத் தெரியும். என் முறை வந்ததும் அந்த உபதேசியார் முதலில் பேரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர், "செத்தவுக ஒங்களுக்கு என்ன ஒறவு?" என்று கேட்டார்.

முன்னாலும் பின்னாலும் ஆட்கள். "தங்கச்சி" என்று ஆரம்பித்தேன். தங்கச்சி வீட்டுக்காரர் என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். அதற்கு மேல் வரவில்லை. அன்றைக்கு ஆற்றில் ஊர் பார்க்க மூன்று முழுக்குப் போட்டு, எனக்குத் தங்கச்சியே கிடையாது என்று சொல்லிவிட்டு ஏறினவன் நான். தங்கச்சி என்று சொன்னதே இருபத்திரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. மழைத் தண்ணீர் வழிந்த முகத்தைத் துண்டால் துடைத்தேன். அவர் நான் அழுகிறேன் என்று நினைத்துவிட்டார். "பாவம், தங்கச்சியா, பேர எழுதுங்கய்யா" என்று நோட்டைத் தள்ளினார். எழுதினேன். மாரீஸ்வரி என்று எழுதி முடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. அடிக்கலாம் என்று பேனாவைத் தூக்கினேன். அடிக்க மனசு வரவில்லை. உன் பேரை எழுதி எத்தனை வருடம் ஆயிற்று. பின்னால் நின்ற ஆள் நகரச் சொன்னார். நகர்ந்துவிட்டேன்.

இதுதான் நடந்தது. எவ்வளவு பெரிய மடத்தனம் என்று நீ சொல்ல வேண்டாம், ஜக்கம்மா ஏற்கனவே சொல்லிவிட்டாள்.

கோடியும் எடுத்தேன். அவர் இறந்த செய்தி வந்த அன்றைக்கே எடுத்தேன். உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டு வரை வந்தேன். ஒரு மணி நேரம் நின்றேன். உங்கள் ஊர் பஸ் இரண்டு போனது. ஏறவில்லை. தலைமுழுகினவன் எந்த முகத்தோடு வந்து கோடி போடுவான்? உன் மாமியார் வீட்டுக்காரர்கள் என்ன கேட்பார்கள்? சேலை பீரோவில் இருக்கிறது.

இப்போதும் அதேதான், மாரி. பஸ் ஏறி வந்து அந்த உபதேசியார் முன்னால் நின்று, அய்யா, என் தங்கச்சி சாகவில்லை, நான் தப்பாக எழுதிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். ஏன் எழுதினாய் என்று கேட்பார். அதற்கு நான் என்ன சொல்வேன்? மாதம் முடிய இன்னும் பதிமூன்று நாள்தான் இருக்கிறது. அதற்கப்புறம் நோட்டை மூடிவிடுவார்கள் அல்லவா? கொஞ்சம் பொறுத்துக்கொள்.

சுருளி

—

சவேரியார்பட்டி
20.11.2025

அண்ணே,

நீ எழுதியதை நம்புகிறேன். செவ்வந்தி வைத்தது நீதானா? பூசை முடிந்து போனபோது பார்த்தேன். யாரோ மறதியாக இங்கே வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். நான் அவருக்குப் பூ வாங்கவில்லை. காசு எடுத்துக்கொண்டுதான் போனேன். பூக்காரியைத் தாண்டிப் போய்விட்டேன்.

கோடியை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய்? மதினி கட்ட முடியாது. கடைக்காரரும் திருப்பி வாங்க மாட்டார். ஏழைபாழை யாருக்காவது கொடுத்துவிடு. எனக்கு இனி வேண்டாம்.

பொறுத்துக்கொள் என்று எழுதியிருக்கிறாய். பொறுப்பதற்கு ஒன்றும் இல்லை. முதல் வாரம் என் பேரைக் கேட்கும்போது காது கூசியது. போன வாரம் என் பேருக்காகக் காத்திருந்தேன், ஏனென்றால் அதன் கடைசியில் அண்ணன் என்று வருகிறதே. இந்த வாரம் அதுவும் இல்லை. வாசித்ததும், சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். பட்டியலில் எல்லாரும் எனக்குப் பழகிப்போய்விட்டார்கள். லூர்துசாமிக்குப் பிறகு நான், எனக்குப் பிறகு மிக்கேலம்மாள். வரிசையாக உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது.

எங்கள் பங்குச் சாமியார் கேரளாப் பக்கத்து வாலிபப் பையன். மலையாளம் கலந்து மெதுவாகப் பேசுவார். நேற்று பிரசங்கத்தில் கூரை ஒழுகி, ஒரு வாளியைக் கொண்டுவந்து பீடத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அவர் பேசுகிற ஒவ்வொரு வார்த்தைக்கும் வாளி பதில் சொல்லிக்கொண்டிருந்தது. எல்லாரும் சிரிப்பை அடக்கினார்கள். எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது.

மூன்று நாளாக மகிமா போன் செய்கிறாள். எடுக்கவில்லை. அடிப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். செத்தவள் போன் எடுப்பாளா என்று ஒரு நினைப்பு. தப்புத்தான், பிள்ளை பயந்துபோயிருக்கும். நேற்றும் இன்றும் சமைக்கவில்லை. பசிக்கவும் இல்லை. கல்லறையில் அவர் மேட்டுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று உபதேசியாரிடம் கேட்டேன். "ஏம்மா இப்பவே கேக்குற?" என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். சும்மாதான் கேட்டேன்.

நீ வர வேண்டாம். பேரை அடிக்கவும் வேண்டாம். நீ எழுதியது தப்பு இல்லை என்று தோன்றுகிறது. அப்படியே இருக்கட்டும்.

மழை இன்னும் விடவில்லை. நன்றாக இருக்கிறது.

மாரி

—

காமயகவுண்டன்பட்டி
23.11.2025

அடியே மாரி,

நீ எழுதியிருக்கிறதை என்னால் இரண்டாம் தடவை படிக்க முடியவில்லை. முதலில் போனை எடுத்து அந்தப் பிள்ளையிடம் பேசு. அப்புறம் ஒரு வாய் சாப்பிடு. என்னைத் திட்டி எழுதினாயே, அந்த மாரியாக இரு. வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று எழுதுகிற மாரி எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜக்கம்மா சொன்னாள்: "ஒங்க மானத்தக் காப்பாத்தி வச்சு என்ன செய்யப் போறீக? ஊறுகாயா போடப் போறீக?"

வருகிறேன். எந்த நாள் என்று சொன்னால் அன்றைக்கு எனக்குக் கால் வராது. அதனால் சொல்லவில்லை. நீ என்னைப் பார்க்க வேண்டாம், பேசவும் வேண்டாம். தினமும் போகிற மாதிரி கோயிலுக்குப் போய் உட்கார்ந்திரு. அது போதும்.

சுருளி

—

சவேரியார்பட்டி
27.11.2025, வியாழன்

அண்ணே,

நேற்று நீ வந்தாய்.

எனக்கு முதலில் தெரியாது. உன் கடிதம் செவ்வாய்க்கிழமைதான் வந்தது. மகிமாவிடம் பேசினேன். போனில் அரை மணி நேரம் என்னை வைது தீர்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாள். கொஞ்சம் கஞ்சி வைத்துக் குடித்தேன். இதெல்லாம் நீ சொன்னாய் என்று செய்தேன், பிரியப்பட்டு இல்லை.

நேற்று சாயங்காலம் தூறல்தான். உபதேசியார் வாசிக்கத் தொடங்கினார். சவரியம்மாள் முடிந்தது. லூர்துசாமி முடிந்தது. அடுத்தது நான் என்று முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். மிக்கேலம்மாள் என்றார். என்னைத் தாண்டிப் போய்விட்டார். ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். எழுந்து சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. இருபத்துநாலு நாளாக இருந்த இடம் அல்லவா? என்னை எழுப்பிவிட்டு வேறு யாரையோ உட்கார வைத்த மாதிரி இருந்தது.

மற்ற பெயர்கள் எல்லாம் முடிந்தன. உபதேசியார் நோட்டை மூடவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எழுதியிருந்ததை எழுதியபடியே வாசித்தார். "எங்கள் வீட்டு மாப்பிள்ளை இன்னாசிமுத்து, மோட்டார் மெக்கானிக், சவேரியார்பட்டி. கொடுப்பவர் மச்சான் சுருளிராஜன், காமயகவுண்டன்பட்டி."

கோயிலில் யாரும் அப்படி எழுதிக் கொடுக்க மாட்டார்கள். பேர், ஊர், உறவு, அவ்வளவுதான். நீ என்ன சொல்லி எழுதினாயோ, அவரும் ஒரு சொல் குறைக்காமல் வாசித்தார்.

அவர் செத்துவிட்டார், அண்ணே. ஐந்து மாதமாக எல்லாரும் சொன்னார்கள். டாக்டர் சொன்னார், சாமியார் சொன்னார், வி.ஏ.ஓ. எழுதிக் கொடுத்த தாளிலும் இருக்கிறது. நேற்று நீ சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. எப்படி அழுதேன் என்று எனக்குத் தெரியாது. சத்தமாக அழுதிருக்கிறேன். பூசை தொடங்க முடியாமல் அந்த வாலிபச் சாமியார் பீடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் இருந்த அம்மா என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டார். "அழு ஆத்தா, அழு" என்று முதுகைத் தடவிவிட்டுக்கொண்டே, அந்த நேரத்திலும் கேட்கிறார்: "புஷ்பம், மச்சான்னு வாசிச்சாகளே, ஒனக்கு அண்ணன் இருக்காகளா? ஒரு நாளும் சொல்லலையேடி." இருக்காக என்றேன்.

ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கடைசித் தூணுக்குப் பக்கத்தில், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, எல்லாரும் முழங்காலில் நிற்கும்போது என்ன செய்வது என்று தெரியாமல் பாதி குனிந்தபடி நின்றவன் நீதானே? முடி இவ்வளவு நரைத்துவிட்டதா உனக்கு? பூசை முடிந்து வெளியே ஓடி வந்தேன். நீ இல்லை. ஏழு மணி பஸ்ஸில் ஏறிவிட்டாய் என்று டீக்கடைக்காரர் சொன்னார். கோயிலுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் நாலு வீடுதான். அதுகூட நடக்க முடியவில்லையா உன்னால்?

இப்போது எல்லாம் வலிக்கிறது. நெஞ்சு வலிக்கிறது, கண் எரிகிறது, பட்டறைக்குள் போக முடியவில்லை. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. இதற்கு அப்படியே இருந்திருக்கலாம் போல இருக்கிறது. எல்லாம் நீ செய்த வேலை. செய்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாய்.

மாப்பிள்ளை என்று நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால் ஆயிற்றா? இருபத்திரண்டு வருடம் அவர் அந்த வார்த்தைக்குக் காத்திருந்தார். உன்னைக் கடைத்தெருவில் பார்த்த அன்றைக்கெல்லாம் வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு ஒங்கண்ணன் என்னையப் பாத்துட்டாரு. அடுத்த தடவ பேசிருவாரு பாரு" என்பார். ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொல்வார். அவர் காது கேட்க நீ சொல்லியிருக்க வேண்டியது, இனி முடியாது. நான் இருக்கிறேன். வா. என் வீட்டு வாசலில் நின்று, தெரு கேட்க, ஒரு தடவை அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டுவிட்டு உள்ளே வா.

உன் தங்கச்சி
மாரீஸ்வரி